யாரும் எழுப்பாத இடம்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பு வேலை முடிந்துவிட வேண்டும் என்பது ரோஸ்மேரியின் வீட்டுச் சட்டம். அன்றைக்கு முடியவில்லை. அருள்புரத்தில் அவள் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில் சரக்கு லாரி கிளம்பத் தாமதமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தபோது மேற்கே வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. ஒரு அடுப்பில் சோற்றுக்கு உலை, இன்னொன்றில் புளிக்குழம்பு. மறுநாள் சமைக்கக் கூடாது என்பதால் இரண்டு நாளைக்கும் சேர்த்து இப்போதே ஆக வேண்டும். நடுவில் குழாயில் தண்ணீர் பிடித்தாள். சபைக்குக் கட்டிப்போகிற சேலையைத் தேய்த்தாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது.

அரிசி அரைவேக்காட்டில் இருக்கும்போது அவள் கணவன் தங்கத்துரை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பைத் திருகி அணைத்தான்.

"இன்னும் ஒரு கொதி வரட்டுமே" என்றாள் ரோஸ்மேரி.

"பொழுது போயிட்டு. விடு."

"அரிசி வேகலயே."

"ரொட்டி கிடக்குல்லா. அதத் தின்னுக்கிடலாம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற ஆளும் இல்லை. வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், சபையில் மூப்பர். கைகால் கழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டான். ரோஸ்மேரி பானையைப் பார்த்தபடி நின்றாள். அடுப்புத் திருகில் கை போனது. எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போகிற சபை சிறியது. பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தகரக்கூரை போட்ட ஒரு கூடம். சனிக்கிழமைதான் கடவுள் குறித்துக் கொடுத்த ஓய்வுநாள் என்பது அவர்கள் விசுவாசம். வெள்ளி பொழுது சாய்ந்தது முதல் சனி பொழுது சாயும் வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது, கடையில் எதுவும் வாங்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, போனை அணைத்து வைத்துவிட வேண்டும். ரோஸ்மேரி பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வீட்டில். கல்யாணமாகி வந்த பிறகுதான் இந்த நாள் அவளுக்கு வாய்த்தது. வேண்டாமென்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வாரத்தில் ஒரு நாள் தன்னை யாரும் வேலை ஏவ முடியாது என்பது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் அந்த நாளில் ஓய்வு மட்டும் வரவில்லை. ஆராதனை முடிந்து வந்து பாயில் படுப்பாள். பக்கத்துக் கட்டடத்தில் மிஷின்கள் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்து தரையில் அதிரும். வலது கால் தானாக மிதி போடும். லைனில் எந்த மிஷினில் துணி தேங்கியிருக்கும், யார் தையலை விட்டிருப்பார்கள் என்று மனம் அங்கேயே சுற்றும். எழுந்து உட்காருவாள். "சும்மா கிடயேம்மா, ஓய்வுநாள்லா" என்பான் தங்கத்துரை. மறுபடி படுப்பாள். பொழுது எப்போது சாயும் என்று ஜன்னலைப் பார்ப்பாள். ஓய்வுநாள் முடிவதற்காக ஓய்வுநாள் முழுக்கக் காத்திருப்பது பாவமோ என்று பயமும் வரும்.

அந்தச் சனிக்கிழமை விடுமுறையை வாங்குவதற்கே அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், வேலை நெருக்குகிற நாள். சனிக்கிழமை வரமாட்டேன் என்று சொன்னதற்காகவே பல கம்பெனிகளில் அவளை நிறுத்தியிருக்கிறார்கள். கடைசியில் அருள்புரத்து முதலாளி சென்னியப்பன்தான் ஒத்துக்கொண்டார்.

"நானும் சாமி கும்புடறவந்தானுங்க அம்மிணி. உங்க நாளு உங்களுக்கு" என்றார். "ஆனா கம்பெனிக்கு ஒரு நாளு கொறையுதுங்களே. ஞாயித்துக்கிழமை வந்து ஈடு கட்டிப்போடுங்க."

"வாறேன் சார். கண்டிப்பா வாறேன்."

"நீங்க ஒருத்தரா வந்து என்ன பண்றதுங்க? ஹாஸ்டல் புள்ளைக சும்மாதான் இருக்குதுக. அதுகளையும் கூப்பிட்டுக்கலாம்."

கம்பெனிக்குப் பின்னாலேயே ஹாஸ்டல். ஒடிசாவிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் அதில் தங்கி வேலை செய்தார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்து, மாடியில் துணி காயப்போட்டு, ஊருக்குப் போன் பேசிக்கொண்டு கிடந்தவர்கள். ரோஸ்மேரி தலையாட்டினாள். அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கத்துரையோடு முழங்காலிட்டு நன்றி சொல்லி ஜெபித்தாள். சபையிலும் எழுந்து நின்று, கடவுள் சனிக்கிழமையை வாங்கிக் கொடுத்தார் என்று சாட்சி சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் ஷட்டரைத் திறந்தாள். முதலில் பிள்ளைகளுக்குக் கூடுதல் சம்பளம் சந்தோஷமாக இருந்தது. போகப்போக அது கூடுதல் நாள் என்பதே மறந்துவிட்டது. சனிக்கிழமைக்கு அடுத்து ஞாயிறு, ஞாயிறுக்கு அடுத்து திங்கள், எல்லாம் மணியடித்தால் எழுந்து போகிற நாள்.

அவர்களில் பசந்தி என்று ஒருத்தி, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்காருவாள். கை வேகமான பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குமேல் அவள் தலை மெல்லச் சாயும். ரோஸ்மேரி பின்னால் போய்த் தோளைத் தட்டுவாள்.

"ஏட்டி, தூங்காத. விரல் போயிரும்."

"தூங்கல அக்கா. கண்ணு மட்டும் மூடுச்சு" என்பாள் பசந்தி, திருப்பூரில் கற்றுக்கொண்ட தமிழில்.

பக்கத்து மிஷின்காரிகள் சிரிப்பார்கள். ரோஸ்மேரியும் சிரிப்பாள். பிறகு லைன் முழுக்க நடந்து ஒவ்வொரு தோளாகத் தட்டிக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு அதுதான் முக்கால்வாசி வேலை.

அரைவேக்காட்டுச் சோறு பானையிலேயே விறைத்துக் கிடந்த அந்த வாரம், சனிக்கிழமை ஆராதனையில் அவளுக்குப் பசி. இருந்த ரொட்டியைத் தங்கத்துரைக்கு வைத்துவிட்டிருந்தாள். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் குணசீலன், ஓய்வுநாள் என்பது வேலி மாதிரி, ஒரு முள்ளைப் பிடுங்கினால் ஆடு மொத்தமும் உள்ளே வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நிற்பது தெரிந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. பசந்தியோடு ஒரே அறையில் இருக்கிற மினதி. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோஸ்மேரியைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

ரோஸ்மேரி எழுந்து வெளியே போனாள்.

"அக்கா, பசந்தி இல்ல."

"இல்லன்னா?"

"காலைல மணி அடிச்சாங்க. நான் எழுந்தேன். அவ படுக்கையில இல்ல. போன் தலகாணிக்கு அடியில இருக்கு. டீக்கடை அண்ணன்கிட்ட ரயில்வே ஸ்டேஷன் பஸ் எதுன்னு கேட்டாளாம்." மினதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதலாளி உங்களுக்குப் போன் பண்ணினார். எடுக்கல."

போன் வீட்டில் அலமாரியில் அணைந்து கிடந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறவள் போனை ஏன் வைத்துவிட்டுப் போக வேண்டும்? ஊருக்குப் போகிறவள் பையை எடுத்திருக்க மாட்டாளா?

"பை?"

"இருக்கு அக்கா. எல்லாம் இருக்கு."

அதற்குள் தங்கத்துரை எழுந்து வந்துவிட்டான். "என்ன? ஆராதனை நடக்கு."

"கம்பெனிப் பிள்ளை ஒண்ணக் காணலயாம். ஸ்டேஷனுக்குப் போறேன்."

"கம்பெனிக்காரங்க தேட மாட்டாங்களா? பொழுது சாயட்டும், நானும் கூட வாறேன்."

"தண்டவாளத்துக்குப் போயிருந்தா?"

அவன் உள்ளே திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் பேசுவதை நிறுத்தியிருந்தார். கூடம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோஸ்மேரி செருப்பைத் தேடி மாட்டினாள். கால் மாறி மாட்டிவிட்டு, அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு ஓடிப் போனை எடுத்து உயிர் கொடுத்தாள். தவறிய அழைப்புகள் கொட்டிக்கொண்டே வந்தன. மெயின் ரோட்டில் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் வந்து நின்றபோது, சனிக்கிழமையில் தான் சில்லறை எடுத்து எவ்வளவு காலமாயிற்று என்ற நினைப்பு வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது. பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றியது. ரோஸ்மேரி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தாள், அப்படி அழுத்தினால் பஸ் வேகமாகப் போகும் என்பதுபோல.

ஸ்டேஷனில் பிளாட்பாரம் நிறைய வடக்கத்திப் பையன்கள், மூட்டைகள், தண்ணீர்க் கேன்கள். இருவரும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார்கள். ஒடியாவில் மினதி யார் யாரிடமோ கேட்டாள். பெண்கள் காத்திருக்கும் அறை, தண்ணீர்க் குழாயடி, படிக்கட்டு. எங்கும் இல்லை. பிளாட்பாரம் முடிந்து சரிகிற இடத்தில் நின்று ரோஸ்மேரி தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள். வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. ஒரு வண்டி ஊதிக்கொண்டு வந்தபோது மினதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. சென்னியப்பன்.

"அம்மிணி, ஒரு வழியா எடுத்தீங்களே! ஊத்துக்குளி ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. அங்க ஒரு புள்ள படுத்துக் கெடக்குதாமுங்க. நம்ம கம்பெனி அட்டை போட்டிருக்குதாமா."

"உயிரோடயா சார்?"

"படுத்துக் கெடக்குதுன்னுதாஞ் சொன்னாங்க. அதுக்குள்ள லைன் கட்டாயிப்போச்சுங்க. நீங்க ஒரு எட்டு போயிப் பாருங்க. நான் இங்க சம்பளம் போட்டுட்டு இருக்கறனுங்க."

ஊத்துக்குளிக்குப் போகிற வழி முழுக்க ரோஸ்மேரி ஜெபிக்கப் பார்த்தாள். வார்த்தை கூடவில்லை. பசந்தியின் தோள்தான் கைக்கு நினைவு வந்தது. தட்டும்போது அந்தத் தோள் திடுக்கென்று ஒரு துள்ளு துள்ளும். ஒவ்வொரு முறையும் துள்ளும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஊத்துக்குளி ஸ்டேஷன் வெறிச்சென்றிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் சிமெண்ட் பெஞ்சு. பெஞ்சில் பசந்தி ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் தூக்குவாளியோடு ஒரு வயதான பெண் உட்கார்ந்து முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ரோஸ்மேரி ஓடிப்போய்க் குனிந்து மூக்கருகில் கை வைத்தாள். சூடாக மூச்சு வந்தது. சீரான, ஆழமான மூச்சு. வாய் லேசாகத் திறந்து, கடைவாயில் எச்சில் ஒழுகியிருந்தது. ரோஸ்மேரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தூங்குதுங்க" என்றாள் அந்தப் பெண். பெயர் வேலாத்தாள். வீடுவீடாக வெண்ணெய் விற்றுவிட்டு வண்டிக்காக உட்கார்ந்தவளாம். "வண்டி வந்துது, போயிருச்சு. இத உட்டுட்டுப் போக மனசு வல்லீங்க. ஸ்டேஷன்காரரு வந்து எழுப்பப் பாத்தாரு. நாந்தான் உடல. மூஞ்சியப் பாத்தாத் தெரீலீங்களா, எத்தன நாத் தூக்கமோ!"

ரோஸ்மேரி பழக்கத்தில் கையைத் தூக்கிப் பசந்தியின் தோள் பக்கம் கொண்டுபோயிருந்தாள். 

"எழுப்பிப்போடாதீங்க கண்ணு" என்றாள் வேலாத்தாள்.

ரோஸ்மேரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வேலாத்தாளுக்கு வண்டி வந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறிப்போனாள். மினதி தரையில் பெஞ்சுக்கு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவள், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சரிந்து தூங்கிப்போனாள். இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகக் கேட்டது.

போன் அடித்தது. பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று ரோஸ்மேரி எழுந்து தள்ளிப்போனாள்.

"நல்லா இருக்கா சார். தூங்கிட்டிருக்கா."

"அப்பாடா! எம்பட உசுரே போயிருச்சுங்க அம்மிணி." சென்னியப்பன் பெருமூச்சு விட்டது கேட்டது. உண்மையாகவே பயந்திருந்தார். உடனே குரல் மாறிற்று. "சரி, எழுப்பிக் கூட்டியாந்துருங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பச்சைப் பனியன் லாட்டை முடிக்கோணும். ஓவர்லாக்குல ஆளே இல்லீங்க."

"முழிச்சதும் கூட்டிட்டு வாறேன் சார்."

"எப்ப முழிக்கறது? எழுப்புங்க."

"இல்ல சார்."

"என்னங்க?"

"எழுப்ப மாட்டேன்" என்றாள் ரோஸ்மேரி. போனை அணைத்தாள். இந்தத் தடவை அணைத்தது சட்டத்துக்காக இல்லை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு சரக்கு வண்டி நிலமதிரக் கடந்துபோனது. அப்போதும் பசந்தி அசையவில்லை. ரோஸ்மேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், பசந்தியின் தொங்கிய கையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். ஓய்வுநாள் கட்டளை அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சபையில் எல்லாரும் சேர்ந்து சொல்வது. நீயும் உன் பிள்ளைகளும் மட்டும் ஓய்ந்திருந்தால் போதும் என்று அதில் இல்லை. வேலைக்காரன், வேலைக்காரி, ஆடுமாடு, அண்டி வந்த அந்நியன் என்று ஒருவரையும் விடாமல் சொல்லியிருக்கும். இத்தனை காலம் வாய் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் பசந்தி கண் விழித்தாள். ரோஸ்மேரியைப் பார்த்ததும் அந்தத் தோள் துள்ளியது. சட்டென்று எழுந்து உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். "வர்றேன் அக்கா. மிஷினுக்கு வர்றேன்" என்றாள்.

"மிஷின் இல்ல இங்க. பயப்படாத. உக்காரு." 

ரோஸ்மேரி போய் ஸ்டேஷனுக்கு வெளியே டீயும் பன்னும் வாங்கி வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். முந்தின நாளிலிருந்து காய்ந்துகிடந்த வயிற்றுக்கு அந்த டீ சுகமாக இறங்கியது.

"ஏன் இப்படிச் செஞ்ச? நாங்க என்னவெல்லாம் நெனச்சுட்டோம்."

"ரூம்ல இருந்தா எழுப்புவாங்க. மாடில படுத்தாலும் வந்து எழுப்புவாங்க." பசந்தி பன்னை டீயில் நனைத்தாள். "ரயில்ல எல்லாரும் தூங்குறாங்க, யாரும் எழுப்ப மாட்டாங்க. அதான் ஏறினேன். ஈரோடு போய்த் திரும்பி வரலாம்னு. டிக்கெட் எடுக்கல. ஒரு சார் எழுப்பி இறக்கி விட்டார்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான. எங்கிட்டச் சொல்லியிருந்தா..."

ரோஸ்மேரி பாதியில் நிறுத்திக்கொண்டாள். பசந்தி புரியாமல் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வருவீங்கல்ல அக்கா. நீங்க வந்தா நாங்களும் வரணும்ல" என்றாள். அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. மழை வந்தால் தரை நனையும் என்பதுபோலச் சொன்னாள்.

அவர்கள் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ரோஸ்மேரி வீட்டுக்குப் போனாள். பாஸ்டர் குணசீலன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கத்துரை சுவரோரம் நின்றான்.

"பிள்ளை கிடைச்சுதாம்மா?" என்றார் பாஸ்டர்.

"கிடைச்சுட்டு ஐயா. தூங்கிட்டிருந்தா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உயிராபத்துன்னு போனது தப்பில்ல. நானே அதத் தங்கத்துரைகிட்டச் சொன்னேன்." அவர் தயங்கினார். நல்ல மனிதர். யாரையும் நோகப் பேசத் தெரியாதவர். "ஆனா ஆபத்தில்லன்னு தெரிஞ்ச பிறகு? பொழுது சாயுற வரைக்கும் அங்கயே இருந்திருக்க. கடையிலயும் வாங்கிச் சாப்பிட்டிருப்ப. நாளைக்கு மத்தவங்க கேப்பாங்க. நீ சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறவ."

"வாங்கினேன் ஐயா. அது மட்டும்னா மன்னிப்புக் கேட்டுக்கிடுவேன்." ரோஸ்மேரி நின்றபடியே பேசினாள். "நான் ஒண்ணு கேக்கேன். எனக்குச் சனிக்கிழமை வேணும்னு அந்தப் பிள்ளைகளோட ஞாயித்துக்கிழமைய நான் எடுத்துக் கொடுத்திருக்கேன். அதுக்காகச் சபையில எழும்பி சாட்சியும் சொன்னேன். அது எந்தப் பாவத்துல சேரும்?"

"அது கம்பெனிக்காரன் கணக்கும்மா. நீ என்ன செய்வ?"

"தலையாட்டினது நாந்தான ஐயா. ஷட்டரத் திறக்கதும் நாந்தான். தூங்குற பிள்ளையத் தட்டுறதும் இந்தக் கைதான்."

பாஸ்டர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகள் பாடத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் போன பிறகு தங்கத்துரை, "இப்படியா பேசுவாங்க ஐயாகிட்ட?" என்றான்.

மறுநாள் காலை ரோஸ்மேரி கம்பெனிக்குப் போனாள். ஷட்டரைத் திறக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டல் பிள்ளைகள் வந்தார்கள். "போய்ப் படுங்கட்டி" என்றாள். நம்பாமல் நின்றார்கள். "போங்க, நான் சொல்லிக்கிடுதேன்" என்று கையால் ஓட்டிய பிறகுதான் போனார்கள்.

சென்னியப்பன் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். 

"ஏனுங்க அம்மிணி, ஷட்டரு தொறக்கலீங்களா?"

"இனிமே ஞாயித்துக்கிழமை திறக்க மாட்டேன் சார்."

அவர் அவளுக்கு எதிர்ப் படியில் உட்கார்ந்தார். கோபத்தை அடக்குகிறார் என்று தெரிந்தது. "நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சனுங்க? எந்தக் கம்பெனிலயாவது சனிக்கிழமை லீவு குடுப்பாங்களா? உங்க சாமிக்காகத்தான குடுத்தேன்?"

"குடுத்தீங்க சார். நான் மறக்கல."

"அப்புறம்?"

"அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வேணும் சார். அதுகளுக்கு எது இஷ்டமோ அந்த நாள்."

"அதுக வேண்டாம்னு சொல்லலீங்களே! காசு வருதுன்னு சந்தோஷமாத்தான வருதுக."

"ஒருத்தி தூங்குறதுக்கு ரயில் ஏறிப் போயிருக்கா சார்."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். அவருக்கும் அது தைத்திருந்தது. ஆனால் அனுப்ப வேண்டிய சரக்கு உள்ளே பெட்டி பெட்டியாகக் கிடந்தது. "நீங்க ஞாயித்துக்கிழமை வரலீன்னா, சனிக்கிழமை வந்துதான் ஆகோணும். ரெண்டும் இல்லீன்னா எனக்குக் கட்டாதுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ரோஸ்மேரி சாவியை அவர் பக்கத்தில் படியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அதன்பிறகு அவளுக்கு எளிதாக எதுவும் அமையவில்லை. வேறு கம்பெனிகள் ஏறி இறங்கினாள். சனிக்கிழமை என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் தைத்து முடித்த பனியன்களை மூட்டையாக வீட்டுக்கு வாங்கிவந்து, தொங்குகிற நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். சூப்பர்வைசராக நடந்தவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கத்தரியைப் பிடித்தாள். சபையில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் ஸ்தோத்திரம் சொன்னால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மினதி ஒருநாள் வந்து கம்பெனிக் கதை சொன்னாள். சென்னியப்பன் தன் மச்சானைக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் திறக்க வைத்தாராம். மணி அடித்தபோது பிள்ளைகள் ஹாஸ்டல் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். வார்டன் வெகுநேரம் கதவைத் தட்டினாளாம்.

"பசந்தி என்ன செய்தா?"

"அவதான் அக்கா தாழ் போட்டா. போட்டுட்டுத் தூங்கிட்டா." மினதி சிரித்தாள். "இப்ப ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் லீவு. முதலாளி பேசி முடிச்சுட்டார்."

பாதிதான். ஆனாலும் ரோஸ்மேரிக்கு அன்று கத்தரி வேகமாக ஓடியது. பாதி கிடைத்தவர்கள் மீதியையும் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கத்துரையிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சனிக்கிழமைகளில் சும்மா படுத்துக் கிடப்பவன், இப்போது எழுந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். ஜெபத்தில் முழங்காலிட்டால் நேரமாகியும் எழுந்திருக்க மாட்டான். அவனுக்கும் சனிக்கிழமை விடுமுறை இதே ஏற்பாட்டில்தான் கிடைத்திருந்தது. அவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் அயர்ன் டேபிளுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். குவிந்து கிடந்த பனியனில் ஒன்றை எடுத்து அதன் நூல்களை விரலால் இழுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க டேபிளுக்கு எதுத்த டேபிள்ல ஒருத்தர் நிக்காரு" என்றான். "பீகார்க்காரர். நம்ம வயசுதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை எனக்குத் துணைக்கு ஆள் வேணும்னு முதலாளி அவரப் போட்டாரு. இன்னைக்கு மத்தியானம் அந்தச் சூட்டுல நின்னுக்கிட்டே தூங்குதாரு. கையில அயர்ன் பாக்ஸ். நான் ஓடிப்போயிப் பிடிச்சேன்."

ரோஸ்மேரி கத்தரியைக் கீழே வைத்தாள். "அவரு பேரென்ன?"

தங்கத்துரை நிமிர்ந்து பார்த்தான். பனியனை மடித்து வைத்தான், மறுபடி பிரித்தான்.

"தெரியல" என்றான்.

எழுந்து வாசல் வரை போய் நின்றுவிட்டுச் செருப்பை மாட்டினான்.

"எங்க போறீங்க?"

"கம்பெனிக்குத்தான். அவரு இன்னும் அங்கதான் நிப்பாரு."

அவன் கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக நடப்பதை ரோஸ்மேரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் எழுந்து, அடுப்பில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அரிசியைக் கூடுதலாகப் போட்டாள்.